எனக்கு மட்டும்

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் உட்கார ஆள் நாலு பேர், ஆளுக்கொரு அக்கவுண்ட். இந்த ஏழ்மையிலும் எங்களுக்கு ஒரு குறையும் வைக்காதவர், ‘எல்லோருக்குமா, எனக்கு மட்டுமா?’ என்று கேட்டு மென்பொருளை ஏற்றும் இன்ஸ்டாலர்தான்.

‘எல்லோருக்கும்’ என்று ஏறுகிறவை பிழைக்கத் தெரியாதவை. புரோகிராம் ஃபைல்ஸ் என்று ஊரறிந்த இடத்தில் குடியேற அட்மின் பாஸ்வேர்டு கேட்டு வாசலிலேயே நிற்கும். 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, திரையை இருட்டாக்கிவிட்டு அனுமதி கேட்கிற வழக்கம் அது. ‘எனக்கு மட்டும்’ என்று ஏறும் நம்மவர் யார் வாசலிலும் நிற்கமாட்டார். கண்ணில் படாதபடி மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் துண்டை விரித்துவிடுவார். என்ன அடக்கம்! நாலு அக்கவுண்டில் நாலு பிரதி. ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் படாது. சி டிரைவ் சிவந்துபோனால் அது டிரைவின் வயிற்றுக் கோளாறு.

தத்துவ ஞானமும் உண்டு. டெஸ்பாட்ச் பார்க்கும் அக்காவுக்கு மீட்டிங் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் பார்க்கும் சார் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து, தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து, ‘எனக்கு மட்டும்’ என்பதை அமுக்கினார். பச்சைக் கோடு ஓடி முடிந்தது.

“சார், ஐகானையே காணோமே?”

“இப்பத்தானேம்மா போட்டேன்?”

மறுபடி போட்டார். அதற்கும் மறுபடி. மூன்று தடவையும் அது பத்திரமாகச் சாருடைய அக்கவுண்டில் போய் இறங்கியிருந்தது. நாற்காலியில் இருப்பது யாராக இருந்தால் என்ன, பாஸ்வேர்டு கொடுத்தவரே ‘நான்’. ரமணர் வாழ்நாளெல்லாம் விசாரிக்கச் சொன்ன கேள்விக்கு அரை நிமிஷத்தில் விடை!

விசுவாசத்தையும் சொல்லியாக வேண்டும். ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் அக்கவுண்டில் அவருக்கு மட்டும் ஏறிய பிரவுசர் போகவில்லை. என் அக்கவுண்டிலிருந்து கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் பட்டியலில்கூடத் தலைகாட்டாது. ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து பார்த்த சார்தான் சொன்னார்: அவர் விட்டுப்போன அதே பழைய வெர்ஷன். அவர் லாகின் செய்து திறந்தால்தான் அப்டேட் ஆவேன் என்று, உள்ளே இருந்த ஓட்டைகளில் ஒன்றைக்கூட அடைக்கவிடாமல், அவர் வந்து கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்கக் காத்திருக்கிறது.