பதினொரு பேர் கார், இரண்டு பேர் கார்

"இதுக்குக் கூரை எங்க?" என்று அம்மா கேட்டா.

அந்தச் சிவப்புக் கார் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த முதல் நாள் அது. மடித்துப் பின்னால் செருகியிருந்த துணிக்கூரையைக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தா. பிறகு பின்சீற்றைத் தேடினா. பின்சீற் கிடையாது என்றேன்.

"கூரையும் இல்லை, சீற்றும் இல்லை. அப்ப காசைப் பாதியாக் குறைச்சிருப்பாங்கள், என்ன?"

கூரையும் பின்சீற்றும் இல்லாத காரணத்துக்காகவே நான் கூடக் கொடுத்தேன் என்பதை எண்பது வயது மனுசிக்கு எப்படி விளக்குவது? சிரித்துச் சமாளித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு விலை தெரியும்.

வாங்கியது 1992இல் செய்த மஸ்டா மியாட்டா. 1.6 லீற்றர் எஞ்சின், ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை, பொத்தானை அழுத்தினால் படுத்திருந்த இடத்திலிருந்து எழும்பிப் பார்க்கும் முன்விளக்குகள். 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் இந்த வகையை முதன்முதலில் காட்டினார்கள். 1960களில் பிரித்தானியர் செய்த சின்னத் திறந்த கார்களின் அழகை எடுத்துக்கொண்டு, அவற்றின் எண்ணெய் ஒழுக்கையும் மின்சாரக் கோளாறையும் அவர்களிடமே விட்டுவிட்டு ஜப்பான்காரர் செய்தது. 2016இல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. இரண்டு சீற் விளையாட்டுக் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான்.

பிரித்தானியரிடம் விட்டுவிட்ட ஒழுக்கும் கோளாறும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே நின்றன.

அப்பா வாடகைக் கார் ஓடினவர். ஒஸ்ரின் ஏ-40, சொமர்செற். 1950களின் தொடக்கத்துக் கார். அம்மாவின் கலியாணத்தைவிட மூத்தது. 1.2 லீற்றர் எஞ்சின், ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் கியர்த்தடி. என்னுடைய மியாட்டா ஹிரோஷிமாவில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த ஆண்டில் எனக்குப் பன்னிரண்டு வயது. நான் அந்த ஒஸ்ரினின் பின்பக்கத்தில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

1990 யூனில் இலங்கையில் போர் மறுபடி தொடங்கியது. பெற்றோலும் பற்றரியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரக்கூடாது என்று தடை. களவாக வந்த பெற்றோலை, அதன் விலைக்கு, நகைக்கடையில்தான் விற்றிருக்க வேண்டும். ஊரில் ஓடிய கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால் அது சரிவந்தது. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. முதலில் பெற்றோலைக் காட்டி ஏமாற்ற வேண்டும். அப்பா இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருந்தார். காபரேற்றருக்குள் ஒரு தேக்கரண்டி அளவு விடுவார். நான் முன்னால் குந்தியிருந்து இரும்புக் கைபிடியைச் சுற்றுவேன்.

"பெருவிரலை மற்ற விரலுகளோட ஒரே பக்கம் வை."

ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லுவார். எஞ்சின் திருப்பி உதைத்தால், கைபிடியை வளைத்துப் பிடித்த பெருவிரல் முறியும். பற்றிய பிறகு, சூடேறும்வரை இன்னும் சில சொட்டுப் பெற்றோல். அதன் பின் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். என்னுடைய பள்ளிக்கூடச் சேர்ட்டில் குப்பிவிளக்கு மணத்தது.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து கீழே எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். ஊர் உலகத்தில் காருக்கு எண்ணெய் குறையும். எங்கள் காரில் கூடிக்கொண்டு வந்தது. காலையில் அப்பா எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தால் முதலில் மூக்கில் பிடிப்பார். பிறகுதான் கண்ணால் பார்ப்பார். மணம் தூக்கலாக இருந்தால் எண்ணெயை மாற்ற வேண்டும். மாற்ற எண்ணெய் இல்லாததால் பெரும்பாலும் மணந்து பார்த்ததோடு சரி.

அந்தக் காரில் நல்லூர்த் தேருக்குப் பதினொரு பேர் போனதை நான் எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டாவது ஆளாக அப்பா இருந்தார். ஓடுகிறவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது காலம் நல்லது. ஒன்ராறியோவில் பழைய காரைப் பெயர் மாற்றி ஓட வேண்டுமென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று எடுக்க வேண்டும். அது 36 நாட்களுக்குச் செல்லும். முப்பத்துமூன்று வயதுக் காரின்மேல் அரசாங்கத்துக்கு 36 நாள் நம்பிக்கை. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளைக்காரர். இந்தக் கார் மழையைக் கண்டதேயில்லை என்று சொன்னார். கார் கழுவிய பற்றுச்சீட்டுகளை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ரைமிங் பெல்ற் மாற்றிய பற்றுச்சீட்டு மட்டும் அதில் இல்லை. ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பெல்ற். கார் ஓடியிருந்தது 187,000.

எங்கள் பக்கத்துக் கராஜ் அண்ணை பருத்தித்துறைக்காரர். அவரிடம் கொண்டுபோய்விட்டேன்.

"அண்ணை, பெல்ற் அறுந்தா எஞ்சின் போயிடுமே?"

"இந்த எஞ்சின் போகாது. பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்ரனும் முட்டாத மாதிரித்தான் செய்து வைச்சிருக்கிறான். நடு றோட்டில நிப்பாய், அவ்வளவுதான். உனக்கு அது பழக்கம்தானே?"

பழக்கம்தான். ஆனாலும் மாற்றினோம். பெல்ற்றோடு தண்ணீர்ப் பம்பும் மாறியது, ஏனென்றால் இரண்டுக்கும் கழற்றிப் பூட்டுகிற வேலை ஒன்றே. அந்தச் சிட்டையில் இருந்த தொகைக்கு அப்பா இரண்டு வருடம் காரும் ஓடி, குடும்பமும் நடத்தியிருப்பார்.

பிறகு காரும் நானும் அறிமுகமானோம். முதல் நாள் பொனற்றைத் திறந்து பற்றரியைத் தேடினேன், அம்மா பின்சீற்றைத் தேடிய மாதிரி. பற்றரி டிக்கிக்குள் வலது மூலையில் இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் எடை சரிசமமாக இருக்கவேண்டும் என்று அங்கே வைத்தார்களாம். எண்ணெய் வடியோ எஞ்சினின் ஒரு பக்கத்தில், காற்றுக் குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. சில்லுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவித்தான் பிடிக்க வேண்டும். கழன்றதும் சூடான எண்ணெய் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை வரும்.

காலையில் எஞ்சின் பற்றியதும் டிக் டிக் என்று தட்டச்சுச் சத்தம். முதல் வாரம் எனக்கு நித்திரை இல்லை. வால்வுக்கு மேலே இருக்கிற சின்னக் குப்பிகளுக்குள் எண்ணெய் ஏறும்வரை அப்படித்தான் அடிக்கும் என்றார் அண்ணை. "கிழவர் எழும்பினவுடன இருமுறேல்லையே? ஓடு, நிக்கும்." ஐந்து நிமிடத்தில் நின்றது.

இந்தக் காரில் எண்ணெய் அமுக்கம் காட்டும் ஊசி நேர்மையானது. எஞ்சின் முறுகினால் ஏறும், தளர்ந்தால் இறங்கும். 1995 தொடக்கம் வந்த மியாட்டாக்களில் அதை மாற்றிவிட்டார்கள். அமுக்கம் ஓரளவு இருந்தாலே போதும், ஊசி நடுவில் போய் நின்றுவிடும். கூடினாலும் குறைந்தாலும் அசையாது. அந்த ஊசி வைத்திருப்பவர்கள் பாடல் கேட்டுக்கொண்டு போகிறார்கள். நான் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஊசி சரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

வாங்கி மூன்றாம் நாள் எண்ணெய்க் கம்பியை இழுத்தேன். கை தானாக மூக்குக்குப் போனது. பக்கத்து வீட்டுச் சீனக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தன் பிள்ளைகளை எங்கள் வளவுக்குள் பந்து பொறுக்க விடுவதில்லை.

ஒஸ்ரினோடு நாங்கள் கடைசியாகப் போன பயணம் 1995 ஒக்ரோபர் 30 இரவு. போருக்குத் தப்பி, எங்கள் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு அது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே றோட்டில் லட்சக்கணக்கான சனம். மழையும் பெய்தது. ஊர்ந்து போனால் எஞ்சின் கொதிக்கும். நிறுத்தினால் மறுபடி பற்றவைக்கப் பெற்றோல் வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நிறுத்தினார். உள்ளே அப்பாச்சி, அயல்வீட்டு அக்கா, அவவின் கைக்குழந்தை, இரண்டு மூட்டை அரிசி, ஒரு தையல் மெஷின். நாங்கள் விடியும்வரை தள்ளினோம். இருமல் மருந்துப் போத்தல் அப்பாவின் சேர்ட் பையில் இருந்தது. பாலத்தைத் தாண்டி, றோட்டுக் கொஞ்சம் விட்ட பிறகுதான் அதன் மூடியைத் திறந்தார். கொடிகாமத்தில் சொந்தக்காரர் வளவில் விட்ட கார் பிறகு எங்களிடம் திரும்பி வரவில்லை.

அந்தக் கார் ஆறு பேருக்குச் சோறு போட்டது. இந்தக் காருக்கு நான் போடுகிறேன். அதுவும் வருடத்தில் பாதி நாள் நித்திரை கொள்கிற காருக்கு. பனி தொடங்கினால் இங்கே றோட்டெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். உப்புப் பட்டால் பழைய தகரம் கரையும். ஆகவே நவம்பரில் போர்வை போர்த்தி, பற்றரிக்கு மின்சாரம் ஊட்டும் கருவியை மாட்டி, ஏப்ரல்வரை வீட்டுக் கராஜில் படுக்க வைக்க வேண்டும். குளிருக்குள் வெளியே நிற்பது நான் வேலைக்குப் போய்வருகிற கார்.

ஓகஸ்ட்டில் ஒரு பெருமழை. கூரையை ஒழுங்காகப் போட்டுக் கொளுவியிருந்தேன். அடுத்த நாள் காலையில் உள்ளே காலை வைத்தால் சளக் என்றது. கம்பளம் ஊறிப்போயிருந்தது. கூரைதான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, கண்ணாடி ஓரத்து ரப்பர் வார்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி மாற்றினேன். அடுத்த மழைக்கும் சளக். ஈரம் உறிஞ்சும் பைகள் வாங்கிப் போட்டேன். அவை நன்றாகக் குடித்துக் கொழுத்தன. கடைசியில் புதுக் கூரைக்கு விலை கேட்டுவிட்டு, மனைவிக்குச் சொல்லும் வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு கராஜ் அண்ணையிடம் போனேன்.

அவர் கூரையைப் பார்க்கவேயில்லை. சீற்றுக்குப் பின்னால், துணி மடியும் இடத்தில் விரலை விட்டுத் தடவினார்.

"கூரையில ஒரு பிழையும் இல்லை. கூரையில விழுற தண்ணிக்குப் போற வழிதான் இல்லை."

இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை. அதிலிருந்து ஒரு குழாய் உடம்புக்குள்ளால் இறங்கி, பின்சில்லுக்குக் கொஞ்சம் முன்னால் நிலத்தைப் பார்த்துத் திறக்கிறது. இலை குப்பை அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டிக்குள் தேங்கும். அதை உள்ளிருந்தே தின்னும். மழையைக் காணாத கார் என்று ஆசிரியர் சொன்னது பொய்யல்ல. மழை இதற்குள்ளே இருந்தபடியால் வெளியே காண வேண்டிய தேவை இருக்கவில்லை.

"நீளமா, வளையக்கூடியதா, குழாயைக் கிழிக்காத ஒண்டு எடுத்து மெதுவா விடு," என்றார். கூலி வாங்கவில்லை.

வீட்டில் மூன்று தட்டுக் கருவிப்பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு நட்டையும் இத்தனை அளவுக்குமேல் இறுக்காமல் சொடக்குப் போட்டுச் சொல்லும் ஸ்பனர்கூட இருக்கிறது. நீளமாக, வளையக்கூடியதாக ஒன்றும் இல்லை. அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவ; நான் பெட்டியைக் கிண்டுவதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டா. சொன்னேன். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவித் தந்தா.

"கொப்பர் றேடியேற்றருக்கு இதைத்தான் விட்டவர்."

மேலிருந்து ஈர்க்கை விட்டு உருட்டினேன். ஒரு முழத்தில் முட்டியது. கொஞ்சம் ஆட்டினேன். சில்லுக்கு முன்னால் முதலில் சொட்டாக, பிறகு கொடகொடவென்று கறுப்புத் தண்ணீர். அதோடு கூழாகிப்போன மேப்பிள் இலை, எத்தனை வருடத்துச் சேறோ. அம்மா விளக்குமாற்றோடு நின்று பார்த்தா. மற்றப் பக்கத்துக்கு இன்னொரு ஈர்க்குத் தந்தா.

அன்று பின்னேரம் முதன்முறையாகக் காரில் ஏறினா. வாசலில் இருந்து வாவிக்கரை வரைக்கும் ஒரு கையால் தலையைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தா. வாவிக்கரையில் நிறுத்தியதும் இறங்காமல் கொஞ்ச நேரம் யோசித்தா.

"காத்து நல்லாத்தான் வருது. ஆனா ஏறுறதே ரெண்டு பேர். நிண்டு போச்செண்டா இதை ஆர் தள்ளுறது?"

பழைய திறந்த கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினைப் பிறகு பாருங்கள். முதலில் சீற்றுக்குப் பின்னால் இருக்கும் துளையில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி, அது பின்சில்லுக்கு முன்னால் நிலத்தில் விழுகிறதா என்று குனிந்து பாருங்கள். விழாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஈர்க்கு விளக்குமாறு தமிழ்க் கடையில் ஆறு டொலர்.