சாமி இல்லையாம், மருமோன் சொல்லுறார்

வா மருமோன், இரு. உந்தக் கதிரைக்குக் கால் ஆடுது, இந்த வாங்கில இரு. கொம்மா நேற்றுப் பின்னேரம் வந்து மூக்கைச் சீறிப்போட்டுப் போறாள். "அண்ணை, கம்பசுக்குப் போன பெடியன் சாமி இல்லையெண்டுறான், பொங்கலுக்கும் வரமாட்டானாம், ஒருக்காச் சொல்லுங்கோ" எண்டாள். "சோறு தின்னுறானோ?" எண்டு கேட்டன். "ஓம், ரெண்டு கோப்பை." "அப்ப முத்தேல்லை, போட்டு வா" எண்டு அனுப்பிவிட்டன்.

சாமி இல்லையெண்டால் இல்லாமல் இருக்கட்டும், நான் மறிக்க மாட்டன். உனக்கு முந்தியே உதைச் சொன்ன ஒரு மனிசன் இருந்தவர், ஏபிரகாம் கோவூர். கேரளத்துப் பாதிரியாரின்ர மோன். 1928 இல யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குப் படிப்பிக்க வந்தவர். வேதபாடத்தையும் அவரிட்டைக் குடுத்தாங்களாம். பெடியள் எல்லாம் நல்லாப் பாஸ். அடுத்த வருசம் அந்தப் பாடத்தைப் பறிச்சிட்டாங்கள். ஏனெண்டு கேக்க, "பாஸ் பண்ணினாங்கள்தான், ஆனால் விசுவாசத்தை விட்டிட்டாங்கள்" எண்டாராம் அதிபர். பிறகு கொழும்பில இருந்துகொண்டு, மோசடி செய்ய ஏலாத இடத்தில ஆராவது அற்புதம் காட்டினால் ஒரு லட்சம் ரூபா தாறன் எண்டார். 1963 இல ஒரு லட்சம் எண்டால் எத்தினை ஏக்கர் வயலெண்டு யோசிச்சுப் பார். 1978 இல அவர் சாகுமட்டும் ஒருத்தரும் வெல்லேல்லை.

நான் அப்ப மீசை அரும்பின பெடியன். எனக்கு அந்தக் காசில ஒரு கண். வற்றாப்பளை அம்மனுக்கு உப்புநீரில விளக்கெரியிறது உனக்குத் தெரியும்தானே? சிலாவத்தைக் கரையில தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டுவிநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து எரிக்கிறது. லட்சம் எங்கட பக்கம் வரப்போகுதெண்டு ஓடிப்போய் ஒரு பூசாரியாரிட்டைச் சொன்னன். மனிசன் வெத்திலையைத் துப்பிப்போட்டு, "அம்மாள் பந்தயத்துக்கு எரியிறவளில்லை. அதோட கொழும்புக்குப் பஸ் காசு ஆர் தாறது?" எண்டார். முதல் சொன்னது பக்தி, பிறகு சொன்னது புத்தி. ரெண்டும் ஒரு வாயால வந்தது.

கோவூர் கதை எதுக்குச் சொன்னனெண்டால், உனக்கு ஓ.எல்லில சைவநெறிக்கு என்ன வந்தது? ஏ. கொம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவள். சாமி இல்லையெண்டுற உன்னட்டை சாமிக்கு ஏ சேட்டிபிக்கற் கிடக்கு. எழுபது வருசமாய்க் கும்பிடுற என்னட்டை ஒரு துண்டும் இல்லை. நாளைக்கு மேல போனால் உன்னைத்தான் முதல் கூப்பிடுவினம் போல. இந்த நாட்டில எந்தப் பிள்ளையும் ஏதோ ஒரு சமயத்தை எழுதித்தான் ஓ.எல்லைத் தாண்ட வேணும். சமயமில்லாத பிள்ளைக்கெண்டு ஒரு பேப்பர் இல்லை. மேலிருக்கிறவரை நீ இலேசாய் ஏமாத்திப்போடுவாய், பரீட்சைத் திணைக்களத்தை ஏலாது.

குடிசனக் கணக்கெடுப்பும் உப்படித்தான். 2012 இல பௌத்தர் நூற்றுக்கு எழுபது, இந்துக்கள் பன்ரண்டரை, பிறகு இஸ்லாம், கத்தோலிக்கம் எண்டு போய், கடைசியில "வேறு" எண்டு ஒரு மூலை. அதுக்க பத்தாயிரம் பேருக்கு அஞ்சு பேர். உன்ர ஆக்கள் அதுக்கதான் ஒடுங்கிக் கிடக்க வேணும். பெரியக்காவின்ர பெடியன் கனடாவில இருக்கிறானே, அங்க 2021 கணக்கில மூண்டு பேருக்கு ஒராள் சமயமில்லையெண்டு எழுதிப்போட்டுத் திரியுதுகள். அவனும் அப்படித்தான் எழுதினவனாம். எழுதின கையோட எங்கட வைரவருக்கு டைல்ஸ் போடக் காசும் அனுப்பினவன். மரத்துக்குக் கீழ கல்லும் சூலமுமாய் இருந்த வைரவர் இப்ப வழுக்கி விழாமல் இருக்கப் பாக்கிறார். மடை வைச்ச பூசாரியார் அருச்சனைத் துண்டோட வரிசையில நிக்கிறார். கனடாவில நம்பாதவன் அனுப்புற காசில வன்னியில கோபுரம் எழும்புது. உதை உன்ர புத்தகத்தில எந்தப் பக்கத்தில போட்டிருக்கு?

கோவிக்காதை, பிளேன்ரீயைக் குடி. எங்கட பக்கத்துப் பக்தர் பெருமையையும் கேள். 1968 இல மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில, எங்களையும் உள்ளுக்க விடுங்கோ எண்டு ஒதுக்கப்பட்ட சாதிச் சனம் நிண்டது. அந்தச் சனத்தோட நிண்டு அடியும் உதையும் வாங்கினவை கனபேர் சண்முகதாசன்ர கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், சாமி இல்லையெண்ட ஆக்கள். வாசலை மறிச்சு நிண்டவர் ஆர்? 1947 இல எங்கட வவுனியாத் தொகுதிக்கு எம்.பியாய் வந்த சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், அடங்காத் தமிழன் எண்டு பேரெடுத்தவர். நம்பினவர் கதவடியில, நம்பாதவை கதவைத் திறக்கச் சொல்லி வெளியில. அண்டைக்கு முருகன் ஆற்ற பக்கம் நிண்டாரெண்டு நான் சொல்லமாட்டன். கோயில் சபைக்காரர் காதில விழுந்தால் என்ர உபயத்தை வெட்டிப்போடுவினம்.

இன்னொண்டு, ரகசியம். எங்கட குளக்கட்டில அரசங்கண்டு முளைச்சால் முந்தி கொப்பாட்டன் ஒரு கல்லை நட்டுப் பிள்ளையார் எண்டு கும்பிட்டார். இப்ப முளையிலயே பிடுங்கி எறியிறம். விட்டால் நாளைக்குப் புத்தற்ற மரமெண்டு தொல்லியல் பலகை வரும், பலகைக்குப் பின்னால வேலி வரும். அரசமரத்தைக் கண்டு கும்பிட்ட கை பிடுங்குற கையாய்ப் போச்சு. நாத்திகம் கம்பசிலதான் தொடங்குதெண்டு நினைச்சியோ?

அரசியலமைப்பில ஆர்க்கும் சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், சமயச் சுதந்திரம் எண்டு பத்தாம் உறுப்புரை சொல்லுது. அதுக்கு ஒரு படி முந்தி, ஒன்பதாவதில, பௌத்தத்துக்கு முதன்மை இடம். பந்தியில ஆரை முதலாவதாய் இருத்தினமெண்டு சொல்லிப்போட்டுத்தான் மற்றவைக்கு இலை போட்டிருக்கு. அதின்ர ருசியை நாங்கள் குருந்தூர்மலையில பாத்தம். ஆதி ஐயனார் இருந்த மலை. பக்கத்துத் தண்ணிமுறிப்புச் சனம் 84 இல இடம்பெயர்ந்து போனது. 2021 தை 18 இல ராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க வந்து தொல்லியல் தோண்டலைத் தொடக்கிவைச்சார். புத்தர் சிலையும் வந்தது, ஆமியும் வந்தது. 2022 இல முல்லைத்தீவு நீதிமன்றம் புதுசாய் ஒண்டும் கட்டப்படாதெண்டுது. கட்டளை கீழ கிடந்தது, கட்டிடம் மேல போச்சுது. 2023 ஆடியில பொங்கப் போன சனத்தை மறிச்சாங்கள். ஆவணியில கோட்டுக் கட்டளையோடயும் பொலிஸ் காவலோடயும்தான் பானை பொங்கிச்சுது. புரட்டாதியில, வழக்கைக் கேட்ட நீதிபதி சரவணராஜா உயிருக்கு அச்சுறுத்தலெண்டு எழுதிவைச்சிட்டு நாட்டை விட்டே போட்டார். பானை பொங்கினது ஒரு நாள், அதுக்கு விலை ஒரு நீதிபதி.

பிறகு வெடுக்குநாறிமலை. 2024 சிவராத்திரிக்கு ஆதிலிங்கேஸ்வரரைக் கும்பிடப் போன இடத்தில எட்டுப் பேரைப் பிடிச்சு அடைச்சு, பதினொரு நாளுக்குப் பிறகு விட்டாங்கள். சிவராத்திரிக்குக் கண் முழிக்கத்தான் வேணும், ஆனால் மறியலில முழிக்க வேணுமெண்டு எந்தப் புராணத்திலயும் நான் கேள்விப்படேல்லை.

மார்க்ஸ் படிச்ச ஆக்கள் ஆட்சிக்கு வந்திட்டினம், இனி உதெல்லாம் நிக்குமெண்டு நீ போன மாதம் சந்தியில நிண்டு பேசினியாம். 2025 சித்திரையில கண்டியில தந்ததாதுவை வெளியில எடுத்துக் காட்டினாங்கள், பதினாறு வருசத்துக்குப் பிறகு. சனம் நாள் கணக்காய் வரிசையில நிண்டது. தாடிக்கார மார்க்ஸ் எந்த வரிசையில நிண்டாரோ, எனக்குத் தெரியாது.

இப்ப உன்னட்டை ஒரு அலுவல். குருந்தூர் வழக்கில சாமி இருக்கோ இல்லையோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. ஆர் கும்பிட்டவை, எப்ப பொங்கினவை, எங்க அடுப்பு மூட்டினவை எண்டுதான் கேக்கிறாங்கள். கும்பிடுறவன் சொன்னால் "உவன் பக்தன், அப்படித்தான் சொல்லுவான்" எண்டு தள்ளிப்போடுவாங்கள். சாமியே இல்லையெண்டுற பெடியன் ஒருத்தன், "எனக்கு நம்பிக்கை இல்லை ஐயா, ஆனால் இதில அம்மம்மா பொங்கினவ" எண்டு சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை கூட. கோவூரின்ர லட்சம் கிடையாது, கொம்மாவின்ர புக்கை கிடைக்கும்.

வாற வெள்ளி மலைக்குப் போறம். விடிய நாலு மணிக்கு லான்ட்மாஸ்ரர் வெளிக்கிடும். நீ விறகுக்கட்டைத் தூக்கு, தேவாரம் நான் பாடுறன். செருப்பை மட்டும் அடிவாரத்தில கழட்டிப்போடு, மருமோன். நம்பிக்கைக்காக இல்லை. சப்பாத்தோட ஏறுறவை வேற ஆக்கள், இருட்டில உன்னை ஆரெண்டு பிழையாய் நினைச்சிடப்போகினம்.