அட்டவணை அப்பா

கோடை பிறந்து, அறுத்த வயலில் ஆடு மேயத் தொடங்கியதும் எங்கள் பனமலைப் பக்கம் ஒரு வகைத் தகப்பன்மார் தலைகாட்டுவார்கள். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உத்தியோகம், கையில் ஒரு சின்னக் குழந்தை, தவணை முடியாத கார். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால், மலைப்பயண ஆசை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெருவுக்கு வாய்த்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அட்டவணை’ என்றாலே திரும்பிப் பார்ப்பார்.

2023 மார்ச்சில், முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பொம்மன், பெள்ளி தம்பதி வளர்த்த ரகு என்ற குட்டியானையை நாடே கொஞ்சியது. அட்டவணை கொஞ்சவில்லை. மடிக்கணினியைத் திறந்து எக்செல்லில் கட்டம் போட ஆரம்பித்தார். “பாப்பாவுக்கு ஆனை காட்டணும்” என்று வீட்டில் அறிவித்தார். பாப்பா அப்போது தொட்டிலில் கிடந்தாள். தலைக்கு மேல் தொங்கிய கிலுகிலுப்பையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

திட்டத்தின் முதல் வரியில் அவர் எழுதியது முக்குருத்தி தேசியப் பூங்கா. வரையாடுகளுக்காக ஒதுக்கிய சோலையும் புல்வெளியுமாக 78 சதுர கிலோமீட்டர். சுற்றுலாக் கூட்டத்துக்குத் திறந்துவிட்ட இடமல்ல. இரண்டாவது வரி, மூணாறு பக்கத்து இரவிகுளம். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அங்கே வாசலைச் சாத்திவிடுவார்கள். அவருக்கு விடுப்பு கிடைத்ததோ அந்த மார்ச்சில். நுழைய முடியாத இடங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் சிவப்பில் அடிப்பதில் அவருக்கு ஒரு நிறைவு. “போயிட்டு வந்தவனுக்குக்கூட இவ்ளோ தெரியாது” என்பார். அது உண்மைதான். போய் வந்தவனுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைத்திருக்காது.

கடைசியில் அடிபடாமல் நின்றது முதுமலை. 1940இல் சரணாலயமானது, 2007இல் புலிகள் காப்பகமானது என்று பால் குடிக்கும் பிள்ளைக்குச் சொல்லிவைத்தார். அதற்குள் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குப் போகிற வண்டிக்கெல்லாம் இ-பாஸ் வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் கட்டியது. மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். இவர் முகம் மலர்ந்துவிட்டது. பட்டியலில் சேர்க்க இன்னொரு தாள்! நள்ளிரவில் விண்ணப்பித்து, வாங்கி, அச்செடுத்து, லேமினேஷன் போட்டு, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பூஜை அலமாரியில் வைத்தார்.

டீக்கடையில் வழித்தட ஆலோசனை நடந்தது. திருக்கோவிலூர் வழியாகப் போனால் டோல் மிச்சம் என்றார் ஒருவர். கல்யாணமான புதிதில் ஊட்டி போய்வந்த இன்னொருவர், முப்பது வருஷத்துக்கு முந்தைய குளிரை நடுங்கிக் காட்டினார். அட்டவணை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தான் முன்பே முடிவு செய்திருந்த வழியையே அறிவித்தார்: விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம்.

அந்தத் தாளை நானும் பார்த்தேன். 4.10க்கு எழுப்புதல். 4.25க்குப் பால். 4.40க்குப் புறப்பாடு. 6.15க்கு உளுந்தூர்பேட்டையில் பாப்பா ஒன்றுக்கு. 8.00க்கு ஆத்தூரில் இட்லி: அப்பா நான்கு, அம்மா மூன்று, பாப்பா ஒன்றரை. சேலத்திலிருந்து அவிநாசி வரை பாப்பா உறக்கம். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம், ஊட்டி 2,200க்கு மேல். ஐம்பது கிலோமீட்டருக்குள் அவ்வளவு ஏறினால் பிள்ளைக்குக் காது அடைக்கும், ஏதாவது சப்பவோ குடிக்கவோ கொடுத்தால் தேவலை. இது ‘காது மேலாண்மை’ என்ற தலைப்பில் தனிப் பக்கமாக இருந்தது.

“ஒன்னுக்குப் போறதுக்கெல்லாமாடா டைம் எழுதுவ? அது வர்றப்பதான் வரும்” என்றாள் அவருடைய ஆயா.

ஆயா பிடித்த இடம் சரியான இடம். அந்தத் தாளில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி அட்டவணைப் பாப்பா: சொன்ன நேரத்துக்குத் தூங்குவாள், பைக்குள் மட்டும் வாந்தியெடுப்பாள், காட்டெருமையைக் கண்டால் கை தட்டுவாள். இன்னொருத்தி வீட்டில் இருப்பவள். திட்டமெல்லாம் முதலாமவளுக்கு, காரில் ஏறப்போவது இரண்டாமவள். இந்தச் சின்ன வித்தியாசம் இந்த வகைத் தகப்பன்மார் யாருக்குமே கடைசிவரை பிடிபடுவதில்லை.

சாமான் பட்டியலில் ரெயின்கோட்டு, விசில், தொலைநோக்கி, அட்டைப்பூச்சிக்கு உப்பு எல்லாம் இருந்தன. உருப்படியானது ஒன்றுதான்: குழந்தைக்கென்று காரில் பொருத்தும் இருக்கை. “எம் மடி என்னாத்துக்கு ஆவுது?” என்று ஆயா கோபித்துக்கொண்டாள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் கேலி செய்யமாட்டேன்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு ஒத்திகை. எங்கே? ஊரிலிருக்கும் மலையில்தான். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதரையும் எழுப்பிய பல்லவன் ராஜசிம்மன், ஏரியைப் பார்த்த இந்தக் குன்றின் மேல் தாளகிரீசுவரருக்கும் ஒரு கற்றளி எடுத்தான். வயது 1,300 ஆண்டு. ஆடு மேய்க்கும் பையன் ஒரே ஓட்டத்தில் ஏறிவிடுவான். அட்டவணை முதுகில் பிள்ளைத்தூக்கியும், கழுத்தில் விசிலும், கையில் நிறுத்துகடிகாரமுமாக ஏறினார். பாப்பா பாதியில் இறங்கிக்கொண்டு, படியில் கிடந்த கூழாங்கற்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள். “அட்டவணைப்படி பன்னெண்டு நிமிஷம் லேட்டு” என்று அவர் கடிகாரத்தைத் தட்டினார். பாப்பா இன்னொரு கல்லை வைத்தாள்.

மேலே போனதும் சுவரோவியத்தைக் காட்டினார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் உலகுக்கு எடுத்துச் சொன்ன பல்லவர் கால ஓவியம். ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவி, தலைக்கு மேலே குடை. நிறம் மங்கிப்போனாலும் நளினம் போகவில்லை. பல்லவர் வரலாற்றை அவர் நரசிம்மவர்மனிலிருந்து தொடங்கினார். பாப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, “அந்த அக்கா கொட வெச்சிருக்காங்க” என்றாள்.

ஓவியத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அட்டவணை உடனே கைப்பேசியை எடுத்தார். ‘குடை – 1, விட்டுப்போயிற்று, சேர்க்க.’

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 4.40க்குப் புறப்படவேண்டிய வண்டி 6.30க்குக் கிளம்பியது. விழுப்புரம் பைபாஸைத் தொடுமுன்பே பாப்பா தூங்கிப்போனாள். ஆத்தூரில் விழித்தவள், தூங்கவேண்டிய சேலம் முதல் அவிநாசி வரை “ஆனை எங்க, ஆனை எங்க” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கல்லாறு தாண்டிப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். காது மேலாண்மை வென்றது, வயிறு மேலாண்மை தோற்றது. பை இருந்த பக்கம் தவிர மற்ற பக்கமெல்லாம் வாந்தி. ஊட்டியிலிருந்து முதுமலைக்குக் கல்லட்டி இறக்கத்தில் இன்னும் 36 வளைவு என்றதும் அவருடைய மனைவி ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் கூடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தெப்பக்காட்டில் யானை நிஜமாகவே நின்றது. பாகன்கள் கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து அதன் வாயில் வைத்தார்கள். அட்டவணை கண் கலங்கி, “பாத்தியா பாப்பா?” என்றார். மூன்று வேளையும் ஓடி ஓடி ஊட்டினாலும் வாய் திறக்காத பிள்ளை, “எனக்கும் உருண்ட” என்று அழுது முகாமையே திரும்பிப் பார்க்கவைத்தது.

ஊர் திரும்பியதும் ஆயா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விசாரித்தாள். “இன்னாடி கண்ணு பாத்த?”

“கம்பு!”

“இன்னா கம்பு?”

“நம்ம கார் போச்சுல்ல, கம்பு தானா மேல தூக்கிச்சு. அப்புறம் கீழ வந்துச்சு. மறுபடி தூக்கிச்சு!”

சுங்கச்சாவடியைச் சொல்கிறாள் என்று புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. செலவுப் பக்கத்தில் மட்டும் அவர் எழுதியிருந்த இடம் அது. இன்னொருவராக இருந்தால் அன்றே மடிக்கணினியை மூடியிருப்பார். இவர் ராத்திரியே அடுத்த ஆண்டு வால்பாறைத் திட்டத்தைத் திறந்து, ‘பாப்பா விருப்பம்’ என்று புதுக் கட்டம் போட்டு, எந்த வழியில் டோல்கேட் அதிகம் என்று தேட ஆரம்பித்துவிட்டார். நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

துவைத்த சீட் உறைகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, கம்பு பாக்குறதுக்கு எதுக்கு வால்பாறை? சாயங்காலம் வண்டிய எடுங்க, விக்கிரவாண்டிக்குப் போயிட்டு வந்துடலாம்.”