நான்கு நாள் டோக்கியோ

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பட்டியல் கிடைத்தது. "நான்கு நாளில் இதையெல்லாம் பார்த்துவிடலாம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நவக்கிரகக் கோவில் ஒன்பதையும் வேன் வைத்து ஒரே நாளில் முடித்தவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் இங்கே வேன் கிடையாது, ரயிலும் நடையும்தான். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு மட்டும் 200க்கு மேல் வாசல். இத்தனை வருஷம் இருந்தும், சரியான வாசலில் நான் வெளியே வந்தால் அன்று வீட்டில் பாயசம்.

முதல் நாள் அசகுசா. சென்சோஜி கோவிலுக்கு விடிந்ததும் போய்விட வேண்டும். பிறகு அம்மாவுக்காக, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மத்சுசியாமா கோவில். அங்கே இருப்பவர் நம் பிள்ளையார்தான், இங்கே கங்கிதென் என்று பெயர். கொழுக்கட்டை இல்லை, முள்ளங்கி படைக்கிறார்கள். உயெனோ குளத்தின் நடுவே பென்சைதென், அவள் நம் சரஸ்வதி. ஆக, அம்மாவுக்கு இது யாத்திரைக் கணக்கிலேயே சேரும்.

634 மீட்டர் ஸ்கைட்ரீயில் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். டிக்கெட் விலையைக் கேட்டால் கீழேயே நின்றுவிடுவீர்கள். ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடிக்கு இலவசமாகவே விடுகிறார்கள். 1998இல் ஷிபுயாவில் 'முத்து' ஓடிய தியேட்டரையும் கேட்டிருந்தீர்கள். அதை 2016இல் மூடிவிட்டார்கள். கட்டடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சமாசாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்த் தெருவில் அநேகமாகக் குப்பைத் தொட்டியே கிடையாது. 1995இல் சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவைப் பரப்பி ஆட்களைக் கொன்றார்கள் அல்லவா, அதற்குப் பிறகு எடுத்த தொட்டிகளில் பெரும்பாலானவை திரும்ப வரவில்லை. அவரவர் குப்பை அவரவர் பையில்.

போன வாரம் உயெனோவில் ஒரு வாழைப்பழம் தின்றேன். தோலைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். தோல் அகிஹாபரா பார்த்தது, டோக்கியோ ஸ்டேஷன் பார்த்தது, ஷிபுயாவில் அத்தனை கூட்டத்தோடு ரோட்டைக் கடந்தது. குளிர்பானம் விற்கும் மெஷின் பக்கத்தில் ஒரு தொட்டி இருந்தது. பாட்டிலும் டின்னும் மட்டும்தான் போடலாம். தோலும் நுழையும், ஆனால் பின்னால் ஒரு பாட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தால், எரியும் குப்பைக்கு வெள்ளிக்கிழமைதான் முறை. அதுவரை பிரிட்ஜில் குடியிருந்தது. பிளாஸ்டிக் பாட்டில் இன்னும் மோசம். மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அலசித்தான் போட வேண்டும். அம்மா, வழிக்குப் புளியோதரை கட்டினால் இலையில் மட்டும் கட்டாதே. நம்மோடு அந்த இலையும் ஊர் சுற்றும்.

ரயிலில் போன் பேசக்கூடாது. சித்தப்பாவிடம் நீங்கள் பேசுகிற சத்தத்துக்கு வண்டியை நிறுத்தினாலும் நிறுத்திவிடுவார்கள்.

பட்டியலை இன்னொரு தடவை பார்த்தேன். கோவில், கோபுரம், மீன் மார்க்கெட், ஷிபுயா நாய்ச் சிலை எல்லாம் இருக்கிறது. நிஷிகசாய் இல்லை. "உன் வீட்டில் இடம் பத்தாது, ஷின்ஜுகுவில் ரூம் போடு" என்கிறீர்கள். பத்தாதுதான், கால் நீட்டினால் அடுக்களை. ஆனாலும் மூன்று பேர் படுக்கலாம். அந்த அடுக்களையில் நின்று அம்மா "இதெல்லாம் ஒரு வீடாடா?" என்று கேட்டுவிட்டுப் போகட்டும். இங்கே என்னைத் திட்ட ஆளே இல்லை. பார்க்கிறவர்களெல்லாம் குனிந்து வணங்குகிறார்கள், அலுத்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் வேண்டாம். கோல்டன் வீக் விடுமுறைக்கு நாடே கிளம்பிவிடும். நவம்பரில் வாருங்கள், குளிரும் தாங்கும், மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். விசா 90 நாள் வரை தருகிறார்கள், நீங்கள் கேட்பது நான்கு. டிக்கெட் போடுவதற்கு முன் எனக்குப் போன் பண்ணுங்கள். திரும்புகிற தேதியை நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்