முழங்கைச் சந்தை

1974ஆம் ஆண்டுக்கு அமெரிக்க பேஸ்பால் உலகம் ஒரு சிலை வைக்கலாம். அந்த ஆண்டில்தான் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், வேகமாகப் போகும் கார்களைப் பிடிக்க வளாகப் போலீசார் வைத்திருந்த ரேடார் துப்பாக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டு, இதைப் பிட்சரின் பந்துக்கு நேராகப் பிடித்தால் என்ன என்று யோசித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற பிட்சரின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை உருவி, அறுந்துபோயிருந்த இடது முழங்கைத் தசைநாரின் இடத்தில் பொருத்தினார். நோயைப் பரப்பும் கருவியும் நோய்க்கு வைத்தியமும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் நடுவே ஐம்பது வருஷமாக அமோக வியாபாரம்.

இதில் ஒரு வேடிக்கை, டாமி ஜான் வேகத்துக்குப் பேர்போனவரே அல்ல. கீழே இறங்கும் பந்தைப் போட்டு, அடிப்பவன் அதைத் தரையில் உருட்டும்படி செய்து பிழைத்தவர். அறுவைக்குப் பிறகு 1976இல் திரும்பி வந்து, இன்னும் 164 ஆட்டங்கள் வென்றார். அவருடைய கலையை யாரும் பின்பற்றவில்லை. அவருடைய அறுவையை மட்டும் பின்பற்றுகிறார்கள்.

கோடை வந்தால் ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் ‘ஷோகேஸ்’ நடக்கும். கல்லூரி அணியில் இடம் தேடும் பையன்களைக் காட்சிக்கு வைக்கும் நிகழ்ச்சி. நுழைவுக் கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். ஊர் ஊராகப் போகும் ‘டிராவல் டீம்’ செலவு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். பதினாறு வயதுப் பையன் மேட்டில் ஏறிக் கையை ஓங்கியதும், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் துப்பாக்கிகளைத் தூக்குகிறார்கள். எண் விழுகிறது. எழுதிக்கொள்கிறார்கள். அடுத்தவன். எதிரே நின்றவன் அடித்தானா, ஏமாந்தானா என்று குறித்துக்கொள்வார் யாருமில்லை. நம்மூர் மாட்டுச் சந்தைத் தரகர்கூட, பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து பேரம் பேசி முடிக்கும் முன், மாடு ஏர் இழுக்குமா என்று ஒரு வார்த்தை கேட்பார். பல்கலைக்கழகச் சம்பளம் வாங்கும் இந்தத் தரகர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றுவதில்லை.

சரி, பிட்சர் என்பவர் என்னதான் செய்ய வேண்டும்? 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பாலிருந்து பந்தை வீசுகிறார். வேகமான பந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி. அதில் பாதிக்குள் அடிப்பவன் முடிவெடுத்தாக வேண்டும். அவன் போட்ட கணக்கைக் கெடுப்பதுதான் பிட்சரின் தொழில். அதே கை, அதே வீச்சு, அதே முகம். பந்து மட்டும் மணிக்கு எட்டு பத்து மைல் குறைவாக வரும். அவன் மட்டை காற்றைக் கிழித்து முடித்த பிறகு பந்து சாவகாசமாகக் கையுறைக்குள் விழும். முதல் பந்திலேயே ஸ்டிரைக் வாங்குவது, நாலு ‘பால்’ போட்டு எதிரியை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பாமல் இருப்பது, ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் வீசுவது, போன முறை இவன் எதற்கு ஏமாந்தான் என்று ஏழாவது இன்னிங்ஸிலும் நினைவில் வைத்திருப்பது: இவற்றில் எது துப்பாக்கியில் தெரிகிறது?

கிரெக் மாடக்ஸ் 355 ஆட்டங்கள் வென்றார். 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு முறை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 1997 ஜூலையில் ஒருநாள், ஒன்பது இன்னிங்ஸையும் எண்பதுக்கும் குறைவான பந்துகளில் முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனார். இன்றைய பிட்சர் ஐந்தாவது இன்னிங்ஸ் முடியும் முன்பே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்குகிறார். கைல் ஹெண்ட்ரிக்ஸ் டார்ட்மத் கல்லூரியிலிருந்து வந்தவர். விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத ஐவி லீக் கல்லூரி அது. மணிக்கு 88 மைல் சுமாரில் வீசிக்கொண்டு, 2016இல் மேஜர் லீக் முழுவதிலும் மிகக் குறைந்த 2.13 ரன் சராசரியை வைத்திருந்தார். அந்த ஆண்டு இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிவைத்ததும் அவரே. ஜேமி மோயர் 2012இல் தம் 49ஆம் வயதில் வென்ற ஆட்டத்தில் அவருடைய எந்தப் பந்தும் 80 மைலைத் தொடவில்லை. இந்த மூவரும் இன்று பதினாறு வயதுப் பையன்களாக ஷோகேஸில் நின்றால், துப்பாக்கிக்காரர்கள் அந்த நேரம் பார்த்துக் காப்பி குடிக்க எழுந்து போயிருப்பார்கள்.

வேகம் வீண் என்று சொல்ல நான் வரவில்லை. 97 மைல் பந்தை அடிப்பது 87 மைல் பந்தை அடிப்பதைவிடக் கஷ்டம். அதை மறுப்பவன் பேஸ்பால் பார்த்ததில்லை என்று அர்த்தம். வேகம் பயிற்சியாளருக்கும் சௌகரியம். எண்ணைக் காட்டி எடுத்த பையன் சொதப்பினால் எண்ணைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். “இவன் அடிப்பவனைப் படிக்கிறான்” என்று சொல்லி 84 மைல் பையனை எடுத்து, அவன் சொதப்பினால் வேலை போய்விடும். எனவே கண்ணும் அனுபவமும் உள்ளவர்களும் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு துப்பாக்கியைக் கையில் எடுக்கிறார்கள். இப்போது பந்தின் சுழற்சியையும் வளைவையும் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஒரு எண் இருந்த இடத்தில் பத்து எண். பையனைப் பார்க்க வேண்டிய அவசியம் இன்னும் குறைந்தது.

இவ்வளவும் எதற்காக? உதவித்தொகைக்காக. அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். பல காலம் முதல் பிரிவுக் கல்லூரி பேஸ்பால் அணிக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அனுமதித்தது 11.7 உதவித்தொகை. முப்பத்தைந்து பேர் அணிக்குப் பதினொன்றே முக்கால்கூட இல்லை. அதைக் கூறுபோட்டு 27 பேருக்குக் கொடுக்கலாம், ஆளுக்குக் கால் பங்காவது தர வேண்டும் என்பது அப்போதைய விதி. பத்து வயதிலிருந்து பணத்தைக் கொட்டிய தகப்பன் கடைசியில் கைநிறைய வாங்கி வருவது கால் பங்குக் கட்டணச் சலுகை. அந்தப் பணத்தை வங்கியில் போட்டிருந்தால் பையன் முழங்கையோடு படித்திருப்பான். 2025இல் என்சிஏஏ மீதான வழக்கில் நீதிமன்ற ஒப்பந்தம் வந்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்தது. எத்தனை பேருக்கும் உதவித்தொகை தரலாம், தருகிற மனசு இருந்தால். ஆனால் நாற்காலிகள் 34தான். அந்த நாற்காலிகளுக்கும் போட்டி பள்ளிப் பையன்களுக்குள் மட்டுமில்லை. வேறு கல்லூரியில் இரண்டு மூன்று வருஷம் ஆடி, தாடி முளைத்து, ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வழியாக வரும் இருபத்திரண்டு வயது ஆட்களும் உண்டு.

வாய்வாக்கு என்று ஒன்று இருந்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் “நீ எங்கள் கல்லூரிக்குத்தான்” என்று வாக்கு வாங்குவார்கள். பையன் சத்தியம் செய்தவன் மாதிரி காத்திருப்பான். கல்லூரியை அது எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. வேகம் ஏறவில்லையா, பயிற்சியாளர் மாறிவிட்டாரா, வாக்கு போச்சு. மீசை அரும்பாத பிள்ளைகளை ஏலம் எடுப்பது அசிங்கம் என்று என்சிஏஏவுக்கு 2023 ஏப்ரலில் உறைத்தது. பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டின் ஆகஸ்ட் 1க்கு முன் பேஸ்பால் பையன்களிடம் பேசக்கூடாது என்று விதி போட்டார்கள். பேசத்தான் கூடாது.

இந்தியாவுக்கும் இந்தத் துப்பாக்கி வந்து போயிருக்கிறது. 2008இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டி நடத்தி, பேஸ்பாலைக் கண்ணால் கண்டிராத உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இருவரை வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தமும் போட்டது. இருவரில் ஒருவரும் மேஜர் லீக் மேட்டில் ஏறவில்லை. அவர்களில் ஒருவரான ரிங்கு சிங் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். 2014இல் டிஸ்னி அதைப் படமாக்கியது, நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முழங்கைக்கு வருவோம். 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த டாமி ஜான் அறுவைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: அவற்றில் 56.7 சதவீதம் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு. மாதச் சம்பளக்காரர்களுக்கு அல்ல, மீசைக்காரர்களுக்கு அல்ல, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு. வருஷத்தில் நூறு இன்னிங்ஸுக்கு மேல் வீசும் சிறுவனுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று அமெரிக்காவின் பர்மிங்காமிலுள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு நிலையம் கண்டறிந்தது. அதே நிலையத்தின் இன்னொரு ஆய்வின்படி, கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசுகிறவனுக்கு அது 36 மடங்கு. இந்த எண்களையும் எண்கள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மடக்கு நாற்காலிக்காரர்கள் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே ஊற்றப்படுவது ஊரான் பிள்ளையின் முழங்கை.

தகப்பன்மாரையும் சும்மா விடுவதற்கில்லை. அறுவை செய்துகொண்டால் பையன் முன்பைவிட வேகமாக வீசுவான் என்று நம்பி, காயமே இல்லாத கைக்கு அறுவை கேட்டு மருத்துவரிடம் போன பெற்றோர் உண்டு. கார் இன்ஜினைக் கழற்றிப் பெரிதாகப் போடச் சொல்லும் ரகம்.

2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே பிட்சர் காயங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள். 2008இல் 91.3 மைலாக இருந்த சராசரி வேகப்பந்து 2024இல் 94.2 ஆகிவிட்டது, வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும் காயங்களுக்குக் காரணமாகத் தெரிகின்றன, இந்தப் பழக்கம் பள்ளிப் பிள்ளைகள்வரை இறங்கிவிட்டது என்று அறிக்கை வருத்தத்தோடு சொல்கிறது. 94 மைலுக்குக் கோடிகளும் 87 மைலுக்குக் கைகுலுக்கலும் கொடுத்தது யாரோ அயல்கிரகத்துக்காரர் என்பது போன்ற வருத்தம்.

அறிக்கை வந்தது. கருத்தரங்குகளில் பேசினார்கள். டாமி ஜான் அறுவை செய்துகொண்ட பையனுக்கு மறுபடி மேட்டில் ஏற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு வருஷம் பெற்றோர் ஆஸ்பத்திரி பில்லையும் பிசியோதெரபி பில்லையும் கட்டுகிறார்கள். பயிற்சியாளர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலைத் திறந்து, 95 மைலுக்கு மேல் வீசும் ஆள் இருக்கிறானா என்று தேடுகிறார்.