மூன்று வாய்ப்பு

பயிற்சிக்காக மைசூருக்கு ரயிலேறும் தம்பி தங்கைகளே, முதலில் வாழ்த்துகள்! ஹெப்பாள் தொழிற்பேட்டையில் 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தைப் பார்த்தால் வாயைப் பிளந்துவிடுவீர்கள். ரோமாபுரித் தூண்கள், நீச்சல் குளம், பவுலிங், பந்து வடிவத்தில் சினிமா தியேட்டர் என்று எல்லாம் உண்டு. நாளைக்கும் நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்ற உத்தரவாதம்தான் இல்லை.

2022-ல் இன்ஃபோசிஸில் ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களின் கதையைக் கேளுங்கள். ஆஃபர் வந்த கையோடு நம் ஊர்க் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் முளைத்துவிடும். பாஸ்போர்ட் சைஸில் பிள்ளையின் முகம், பக்கத்திலேயே ஆளுயரத்துக்குத் தாளாளர். இரண்டு மழைக்காலம் போனால் பிள்ளையின் முகம் வெளுத்துவிடும், தாளாளர் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார். சேரச் சொல்லி மெயில் வராது. அந்த பேட்சில் பலரை வேலையில் சேர்த்தது 2024 கடைசியில்தான். அதுவும் ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வரை புகார் கொண்டுபோன பிறகு.

காத்திருக்கும் காலத்துக்கும் அறிவுரை தயார்: "சும்மா இருக்காதே, சர்டிஃபிகேட் சேர்!" ஜாவாவுக்கு ஒன்று, பைத்தானுக்கு ஒன்று, கிளவுடுக்கு ஒன்று. அப்பாவின் பி.எஃப். பணம் பயிற்சி மையங்களின் ஒவ்வொரு மாடிப்படியாக ஏறிக் கரையும். பி.எஸ்சி., பி.காம். படித்தவர்கள் பாடு இன்னும் மோசம். 2024 ஆகஸ்டில் இன்னொரு ஐ.டி. நிறுவனமான காக்னிஸன்ட் ஆண்டுக்கு 2.52 லட்சம் சம்பளம் என்று சொல்ல, நாடே சிரித்தது. அது பொறியியல் பட்டதாரிகளுக்கு இல்லை, மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குத்தான் என்று விளக்கம் வந்தது. படிப்பு ஒரு வருடம் குறைந்தால் வயிறும் சுருங்கிவிடும் போலிருக்கிறது. மாதம் 21,000, அதிலும் பிடித்தம் உண்டு. பி.ஜி. ஓனரும் மெஸ்காரரும் பட்டத்தைப் பார்த்தா பில் போடுகிறார்கள்?

மைசூருக்கே வருவோம். 2025 பிப்ரவரி 7. உள்தேர்வை மூன்று தடவை எழுதியும் தேறாத 300-க்கும் மேற்பட்ட டிரெய்னிகளை இன்ஃபோசிஸ் வெளியே அனுப்பியது. 700 பேர் என்றது நைட்ஸ். பவுன்சர்களை நிறுத்தி, கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்றும் குற்றம்சாட்டியது. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இருபது வருடத்துக்கும் மேலாக இதுதான் நடைமுறை என்று பதில் சொன்னது நிறுவனம். தவறு பழசானால் சம்பிரதாயம்!

கர்நாடகத் தொழிலாளர் துறை விசாரிக்கப் போனது. அவர்கள் பயிற்சி பெற வந்தவர்கள், ஊழியர்களே இல்லை, ஆகவே சட்டமீறலும் இல்லை என்று முடிந்ததாகச் செய்தி வந்தது. ஆஹா! வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி உபதேசம் செய்யும்போது இவர்கள் தேசத்தைக் கட்டும் இளைஞர் படை. சட்டம் கேட்டு வந்தால் யாரோ வழிப்போக்கர்கள். ஊழியராகவே இருந்திருந்தாலும்தான் என்ன? வேலை நிபந்தனைகளை எழுத்தில் வைக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்குத் தந்த விலக்கை 2024-ல் மேலும் 5 வருடம் நீட்டித்த அரசாயிற்றே! ஏப்ரலில் இன்னும் 240 பேர் வெளியேறினார்கள். ஆறுதல் பரிசு: இலவசப் பயிற்சி. அதாவது, இன்னொரு சர்டிஃபிகேட்.

தேர்வே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தேறாதவரை வைத்துக்கொண்டு கும்பிடவும் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை ஏன் எப்போதும் கீழே இருப்பவனுக்கு மட்டும்? இரண்டு வருடம் தள்ளிப்போட்ட நிறுவனத்துக்கு எத்தனை மார்க்? அந்த இரண்டு வருடத்தில் வேறு வேலையை விட்டவனுக்கு, வட்டி கட்டியவனுக்கு யார் பதில் சொல்வது? 2024-25 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரியின் சம்பளம் 80 கோடியைத் தாண்டியது. அவர் எந்தப் பரீட்சையை எத்தனை தடவை எழுதினார்?

எஜமானர்களே, உங்களுக்கும் ஒரு தேர்வு வைக்கிறோம். ஒரே கேள்வி, சிலபஸும் சின்னது: ஆஃபர் லெட்டரில் சேரும் தேதியைப் போடுங்கள், தவறினால் அன்று முதல் சம்பளம் கொடுங்கள். மூன்று வாய்ப்பெல்லாம் கிடையாது. ஒன்றுதான்.