ஏழு மூடி வைத்தியம்

மன்னார்குடியில் என் அம்மாவுக்கும், திருவாரூரில் பெரியம்மாவுக்கும், அம்மாவின் எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் நான் ஒரு ஹோமியோபதி டாக்டர். நான் படித்தது என்னவோ திருச்சியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். பிழைப்பது லண்டனில், கம்ப்யூட்டர் முன்னால். கிளினிக் இருப்பது ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில், இட்லித் தட்டுக்கும் மிக்ஸிக்கும் நடுவே.

இந்தப் பட்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல, ஹாஸ்டல் வாசல் பெட்டிக்கடையிலிருந்து தொடங்க வேண்டும். கடையோரம் தொங்கும் கயிற்றின் நுனி நெருப்பில் குனிந்து முதல் சிகரெட்டைப் பற்ற வைத்தவன், நிமிர்ந்து பார்த்தபோது பத்தொன்பது வருஷம் ஓடியிருந்தது. லண்டனில் ஒரு பாக்கெட் 15 பவுண்டைத் தாண்டியபோது நெஞ்சைவிடப் பர்ஸ்தான் முதலில் இருமியது. சிகரெட்டை விட முடியாதவர்கள் வேப்புக்கு மாறலாம் என்று இங்கே அரசு மருத்துவமனைக்காரர்களே சொல்கிறார்கள். தீங்கே இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை; சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, சிகரெட்டே பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பதுதான் சேதி. நான் முதல் பாதியைக் கேட்டவுடன் கடைக்குப் போய்விட்டேன்.

வேப் என்பது பேனா அளவில் ஒரு கருவி. உள்ளே ஒரு கம்பிச்சுருள், பஞ்சு, கொஞ்சம் திரவம். பட்டனை அமுக்கினால் சுருள் சூடாகி, திரவம் ஆவியாகும். இப்போது நாம் பார்க்கும் வகைக் கருவிக்கு 2003 வாக்கில் வழிபோட்டவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரும் ஒரு புகைப்பிரியர்தான். ஜலதோஷம் வந்தால் போர்வைக்குள் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்த பரம்பரைக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. போர்வை மட்டும்தான் மிச்சம்.

பிரச்சினை திரவத்தின் விலையில் வந்தது. சட்டப்படி நிகோட்டின் கலந்த திரவத்தை 10 மில்லி குப்பிக்கு மேல் விற்கக் கூடாது. ஒரு குப்பி 4 பவுண்ட். எனக்கு இரண்டு நாள் வரும். மாதம் 60 பவுண்ட். போதாக்குறைக்கு, 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2.20 பவுண்ட் வரி என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அன்று ராத்திரியே தீர்மானித்தேன். ஊறுகாய் போடத் தெரிந்த குடும்பத்தில் பிறந்தவன், ஒரு திரவம் கலக்கத் தெரியாதா?

தேவையான பொருட்கள் நாலே நாலு. முதலாவது கிளிசரின், தாவர எண்ணெயிலிருந்து எடுத்தது. நம் சினிமாவில் கதாநாயகிகள் கண்ணில் விட்டுக்கொண்டு அழுதார்களே, அதே கிளிசரின். ஆவி அடர்த்தியாக வருவது இதனால். இரண்டாவது புரொப்பிலீன் கிளைக்கால். மேடைக் கச்சேரிகளில் புகை விடும் இயந்திரங்களின் திரவத்திலும் இது உண்டு. வாசனையைச் சுமந்து வருவதும் தொண்டையில் ஒரு 'கிச்' கொடுப்பதும் இதன் வேலை. ஆக, கண்ணீருக்கு ஒன்று, கனவுப் பாட்டுக்கு ஒன்று. மூன்றாவது வாசனைச் சாறு. நாலாவது வில்லன், நிகோட்டின்.

முதல் நாள் ஊசியில்லாத சிரிஞ்சில் கிளிசரினை உறிஞ்சினேன். விளக்கெண்ணெயைக் குழந்தைக்குப் புகட்டுவதைவிட மெதுவாக ஏறியது. 70 மில்லி ஏறுவதற்குள் ஒரு சீரியல் எபிசோட் முடிந்து, அடுத்ததில் பாதி பேர் செத்துப் போயிருந்தார்கள். சிரிஞ்சில் அச்சிட்டிருந்த கோடுகளும் கைபட்டு அழிந்தன. சரி, நிறுத்து எடுப்போம் என்று 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று வாங்கினேன். நகைக்கடையில்கூட இவ்வளவு பயபக்தியோடு தராசைப் பார்த்ததில்லை.

கிளிசரின் 70, கிளைக்கால் 30 என்பது கணக்கு. தராசில் 70 கிராம், 30 கிராம் எடுத்தேன். ஆவி வரவேண்டிய அளவு வரவில்லை. இரண்டு நாள் கருவியைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: தண்ணீருக்குத்தான் ஒரு மில்லி ஒரு கிராம். கிளிசரின் ஒரு மில்லி 1.26 கிராம், கிளைக்கால் 1.04. நான் ஊற்றிய 70 கிராம் கிளிசரின் வெறும் 56 மில்லிதான். பொறியியல் பட்டம் பெற்றவனுக்கு ஒப்படர்த்தி தெரியவில்லை என்பதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கெமிஸ்ட்ரி.

அடுத்தது வாசனை. அம்மாவின் சமையல் குறிப்பில் எப்போதும் 'தேவையான அளவு' என்றுதான் இருக்கும். அந்த ரத்தம்தானே? மாம்பழச் சாறு புட்டியில் 5 முதல் 10 சதவீதம் என்று போட்டிருந்தது. வெள்ளைக்காரன் நாக்குக்கு 10 என்றால் தஞ்சாவூர் நாக்குக்கு 25 என்று முடிவுசெய்தேன். முதல் இழுப்பில் மாம்பழம் வரவில்லை. மாம்பழ வாசனை போட்ட சோப்பு வந்தது. இந்த வித்தையில் வாசனை கூடினால் ருசி கூடாது, மழுங்கும். ஒரே வாசனையை நாள் முழுக்க இழுத்தால் நாக்கு வேலைநிறுத்தம் செய்து, எதுவுமே தெரியாமல் போகும். ரசத்தில் உப்பு இல்லை என்று நான் சொன்ன அந்த வாரத்தில் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

அதற்குள் இனிப்பு ஆசை வேறு. பாயச ருசி வேண்டுமென்று இனிப்புச் சொட்டுகளைத் தாராளமாக விட்டேன். மூன்றே நாளில் கம்பிச்சுருளில் பாகு காய்ந்து, கமர்கட் மாதிரி கறுத்து ஒட்டிக்கொண்டது. இழுத்தால் அடிப்பிடித்த அல்வா. ஒரு சுருள் 3 பவுண்ட்.

என் பெரிய கனவு நெய் மைசூர்பாகு. உலகத்தில் யாரும் செய்யாத வேப் திரவம். மனைவியின் அலமாரியில் ரோஸ் எசென்ஸ், ஏலக்காய் எண்ணெய் எல்லாம் இருந்தன. ஒரு கரண்டி நெய்யைக்கூட ஏக்கத்தோடு பார்த்தேன். நல்ல வேளை, ஊற்றும் முன் கொஞ்சம் படித்தேன். எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது; போனால் அங்கே தங்கி அழற்சி உண்டாக்கும். வயிறு ஏற்பதை நெஞ்சு ஏற்காது. வெண்ணெய் மணத்துக்கு டையசெட்டில் என்று ஒரு பொருள் உண்டு. சாப்பிட்டால் ஒன்றுமில்லை. 2000-இல் அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குக் குணமாகாத நுரையீரல் நோய் இருப்பது தெரியவந்தது. காரணம் தேடிப் போனால், அவர்கள் நாள் முழுக்கச் சுவாசித்த வெண்ணெய் வாசனையில் இந்தப் பொருள். பிரிட்டனில் வேப் திரவத்தில் அதைச் சேர்க்கத் தடை. ஆகவே மைசூர்பாகைப் பழைய முறைப்படியே, வாயால் சாப்பிடுவது என்று முடிவாயிற்று.

கலந்தவுடன் இழுக்கவும் முடியாது. மாம்பழம், தர்பூசணி போன்ற பழ வகைகளை அன்றே குலுக்கி அன்றே பிடிக்கலாம். கஸ்டர்ட், புகையிலை வகைகள் ஊற வேண்டும், இரண்டு வாரம், மூன்று வாரம், வெளிச்சம் படாத அலமாரியில். ஆவக்காய் ஜாடியைத் தினம் குலுக்கி வைத்த பாட்டியின் பேரன், தேதி எழுதி ஒட்டிய இருபது குப்பிகளைக் காலையும் மாலையும் குலுக்கினேன்.

இனி வில்லன். நிகோட்டின் விளையாட்டுச் சாமான் இல்லை. விழுங்கினால் விஷம், தோலில் பட்டாலே ஊறி உள்ளே போகும். அதனால் கையுறை, கண்ணாடி, மேடைமேல் பழைய செய்தித்தாள், குழந்தை தூங்கிய பிறகுதான் வேலை. குளிர்ச்சியாக, இருட்டில் வைத்தால் கெடாது என்று தெரிந்து, ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன்.

"ஏங்க, தோசை மாவுக்குப் பக்கத்துல விஷம் வைக்கிறீங்களே, நாளைக்குக் காலையில யாருக்குத் தோசை?" என்றாள் மனைவி. பூட்டுப் போட்ட டப்பா ஒன்று வாங்கி, பரண்மேல் ஏற்றி, சாவியை அவளிடமே கொடுத்தேன்.

அப்படிக் கையுறையும் கண்ணாடியுமாக நான் நின்ற ஒரு ராத்திரியில்தான் டாக்டர் ஆனேன். மன்னார்குடியில் அப்போது விடிகாலை. பால் வருவதற்குள் பேத்தியைப் பார்க்க அம்மா வீடியோவில் வந்தாள். தூக்கம் கலைந்து எழுந்து வந்த என் ஆறு வயது மகள் போனை வாங்கி, நேராக என் பக்கம் திருப்பினாள்.

"பாட்டி, அப்பா வேப் பண்றார்."

"வேப்பெண்ணெயா? எதுக்குடா வேப்பெண்ணெய்?"

எனக்குக் கடவுள் போட்ட பாலம் அது. ஏறி நின்றுவிட்டேன். "மருந்தும்மா. சும்மா ஒரு ஹோமியோபதி கோர்ஸ்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிகரெட் பிடித்ததே தெரியாத அம்மாவிடம், சிகரெட்டை விட்டதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதோடு இந்தியாவில் 2019 முதல் இந்தச் சமாச்சாரமே தடை. விற்பது, இறக்குமதி செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட. பேப்பர் படிக்கும் அம்மா அவள். எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் அவளைவிட நன்றாகப் படிப்பவர்.

மறுநாளே நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். பெரியம்மாவுக்கு மூட்டுவலி. தலைமையாசிரியருக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றுவிட்ட மாமாவுக்கு ஏப்பம். எல்லோருக்கும் நான் ஒரே வைத்தியம்தான் சொன்னேன்: சாயங்காலம் நடக்க வேண்டும், ராத்திரி சீக்கிரம் சாப்பிட வேண்டும். மூன்று பேரில் இரண்டு பேருக்குக் குணமாகிவிட்டது. கியாதி நீடாமங்கலம் வரை பரவியது.

இதற்கிடையே மனைவி ஒரு எக்செல் போட்டாள். தராசு, குப்பிகள், கையுறை, கருகிய சுருள்கள், ஒரு தடவை மட்டும் திறந்த முப்பத்துநாலு வகை வாசனைச் சாறுகள். மாதம் 60 பவுண்டை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய தொழிலில் முதல் மூன்று மாதத்தில் 310 பவுண்ட் போயிருந்தது. "லாபம் எப்போ வரும்?" என்றேன். "நீங்க புதுசா எதுவும் வாங்கலைன்னா தீபாவளிக்கு" என்றாள். எந்தத் தீபாவளி என்று அவள் சொல்லவில்லை.

ஆனால் அந்த எக்செலில் வராத கணக்கு ஒன்று இருந்தது. அது மூடிக் கணக்கு.

பிரிட்டனில் நிகோட்டின் 10 மில்லிக் குப்பியில்தான் கிடைக்கும், மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நான் வாங்கியது 18. என் பழக்கம் மில்லிக்கு 12 மில்லிகிராம். அந்த அடர்த்தியில் 100 மில்லி கலக்க 67 மில்லி நிகோட்டின் வேண்டும். அதாவது ஏழு குப்பி. ஒவ்வொன்றிலும் குழந்தைகள் திறக்க முடியாத மூடி. குழந்தைகள் மட்டுமா? கையுறை போட்ட, நாற்பது வயதை நெருங்கும் மெக்கானிக்கல் இன்ஜினீயரும் திறக்க முடியாத மூடி. அமுக்க வேண்டும், அமுக்கியபடியே திருக வேண்டும். அமுக்கினால் திருகாது, திருகினால் வழுக்கும். ராத்திரி பதினொன்றரைக்கு ஏழு மூடி.

மூன்றாவது தடவை நாலு மூடியோடு அலுத்துப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் கணக்குப் போட்டால், நாலு குப்பி என்பது 7 மில்லிகிராம். கொஞ்சம் படபடப்பு, கொஞ்சம் எரிச்சல், வழக்கத்தைவிட அதிக இழுப்பு. ஆனால் உயிர் போகவில்லை. அடுத்த மாதம் 3 மில்லிகிராமுக்கு இரண்டே குப்பி என்று கணக்கு சொன்னது. ஒன்றரைக்கு ஒரே குப்பி, அதிலும் மீதி இருக்கும்.

சிகரெட் பிடித்த பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் நான் நிகோட்டினைப் பார்த்ததில்லை. அது பெட்டிக்குள், காகிதத்துக்குள், புகைக்குள் இருந்தது. இங்கே அது என் கண்முன் குப்பி குப்பியாக வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னது. மன உறுதி உள்ளவர்கள் பழக்கத்தை விடுவார்கள். எனக்கு இருந்தது சோம்பேறித்தனம். ஏழு, நாலு, இரண்டு, ஒன்று என்று அது என்னைப் படியிறக்கிக்கொண்டு வந்தது.

போன மாதம் ஒரு குப்பியும் திறக்காமல் வெறும் தர்பூசணி கலந்தேன். குப்பியில் சீட்டு ஒட்டி '0' என்று எழுதும்போதுதான் பொறி தட்டியது. சரக்கு ஒரு துளிகூட மிஞ்சாத அளவுக்கு மருந்தை மேலும் மேலும் நீர்க்கச் செய்வதுதானே ஹோமியோபதி? நூறில் ஒரு பங்காகக் குறைப்பதை முப்பது தடவை திரும்பச் செய்தால் '30சி' என்பார்கள். நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்பது அவர்கள் கட்சி. எனக்கு நீர்க்க நீர்க்க எரிச்சல்தான் கூடியது. மற்றபடி, அம்மாவிடம் சொன்ன பொய்யை எட்டு மாதத்தில் நானே நிஜமாக்கியிருந்தேன்.

அதே வாரம் ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கையில் அம்மா பார்சல் அனுப்பியிருந்தாள். அரைக் கிலோ வெள்ளைச் சர்க்கரை உருண்டை, நூறு குட்டிப் புட்டி, கூடவே பெரியம்மாவின் நோய்ப் பட்டியல், இரண்டு பக்கம். புட்டி ஒவ்வொன்றும் விரலால் தொட்டாலே திறந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் நான் இன்னும் 12-இல்தான் இருந்திருப்பேன்.

ராத்திரி அம்மா கூப்பிட்டாள். "ஏண்டா, நீ குடுக்கிற மருந்து நெஜமா யாருக்காவது கேட்டிருக்கா?"

இதற்கு மேல் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஒரே ஒரு ஆளுக்கு நல்லா கேட்டிருக்கும்மா. பத்தொன்பது வருஷத்து வியாதி."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப அதையே பெரியம்மாவுக்கும் நாலு புட்டி அனுப்பிடு" என்றாள்.